மாற்றம் ஏதும் உண்டா?

"வீட்டு நிலவரத்துல ஏதாவது மாற்றம் உண்டா?" என்று உதவித்தொகை அலுவலகத்தின் பெண் அதிகாரி கேட்டார்.

"ஒரு மாற்றமும் இல்லைம்மா," என்றார் சித்தப்பா. சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன் மகனின் வாயை அக்கறையாகத் துடைத்துவிட்டார். "எப்பவும் போல அண்ணிதான் இவனைப் பாத்துக்கிறாங்க. இன்னைக்கு ஒரு உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்க, அதான் நான் கூட்டிட்டு வந்தேன்."

டொக், டொக். இளைஞனின் விரல் நாற்காலிக் கைப்பிடியில் தட்டியது.

சித்தப்பா அந்த விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "நரம்புக் கோளாறும்மா. இருபது வயசாகியும் பேச்சு வரலை. பாவம், வாயில்லாப் பூச்சி."

"பேசுவாரே!" என்றார் அதிகாரி. "போன வருஷம் இவங்கம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. ஒரு தட்டுன்னா ஆமா, ரெண்டு தட்டுன்னா இல்லை. கையை எடுங்க."

சித்தப்பாவின் கை தானாக விலகியது.

"தம்பி, அம்மா வீட்டுலதான் இருக்காங்களா?"

டொக்.

அதிகாரியின் குரல் இறங்கியது. "உயிரோட இருக்காங்களா?"

டொக்.

சித்தப்பா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் விரல் இன்னொரு முறை தட்டியது.