படி இருந்த இடம்

இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்த குணலட்சுமி, வோக்கரைப் பிடித்தபடி தன் வீட்டு வாசலில் நிற்கிறாள். சிவப்புத் தரையின் குறுக்கே, நிலைப்படி இருந்த இடத்தில் சாம்பல் நிறமாய்ப் புதுச் சீமெந்து. மாலை வெயில் எதிலும் தட்டாமல் நேரே உள்ளே போகிறது. "படி எங்கை?" "உடைப்பிச்சுப்போட்டன். உதிலை தடக்கித்தானே விழுந்தனீர்" என்கிறார் கணவர் கந்தவனம். "அப்ப வலதுகாலை எங்கை எடுத்து வைக்கிறது?" படியை உடைத்த மேசனுக்கு எல்லா அளவும் பார்த்துச் சொன்னவர் குனிந்து புதுச் சீமெந்தைப் பார்க்கிறார். அவள் காலை உயர்த்துகிறாள். அது அந்தரத்தில் சற்றுத் தயங்கிவிட்டுத் தரையைத் தொடுகிறது. உள்ளே வந்துவிட்டோமா என்று தெரியாமல் அவரைத் திரும்பிப் பார்க்கிறாள். "ஓம், வந்திட்டீர்" என்றபடி கந்தவனமும் அவள் பின்னால் வருகிறார், இல்லாத படிக்கு மேலால் காலைத் தூக்கி வைத்து.