நல்லா தூங்குறேன்

டமார் என்று எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்தது. ஹெலன் அலறிவிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"பயப்படாதீங்கக்கா, டம்ளர்தான். உங்க கை பட்டு வுழுந்துச்சி" என்றாள் எதிரே இருந்த செவ்வந்தி.

திருவள்ளூர் பெண்கள் உதவி மையத்தின் அந்த அறையில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

"தூங்கி எத்தினி நாளாச்சு?"

"பத்து நாள் இருக்கும். கண்ண மூடினா யாரோ அழுவுற மாதிரியே கேக்குது."

"ஊட்டுக்காரரு?"

"தோள்ல கை வெச்சாக்கூட தட்டி வுடறேன். பாவம், அவரு ஒண்ணும் பண்ணல."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

ஹெலன் தலை குனிந்தாள். "ஆபீஸ்ல மாசாமாசம் ஒரு ஃபாரம் குடுப்பாங்க. நல்லா தூங்குறேன், நல்லா சாப்புடறேன்னு எல்லாத்துக்கும் டிக் போட்டுக் குடுத்துடுவேன். உண்மையச் சொல்ல வெக்கம்."

"காலைல இன்னா துன்னீங்க?"

ஹெலன் கீழே கிடந்த டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

செவ்வந்தி தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை அவள் பக்கம் நகர்த்தினாள். ஹெலனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வேணாம்மா. ஏற்கெனவே உன் முகத்தைப் பாக்கவே கூசுது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. மொதல்ல நாஷ்டா முடிங்க. கம்பெனில அரை நாள் லீவு சொல்லிட்டுத்தான் வந்துருக்கேன். அந்த சூப்பர்வைசர் என்னை இன்னா பண்ணான்னு மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்றேன். என் கம்ப்ளெயின்ட்ட பாதி எழுதிக்கினு இருக்கும்போதே நீங்க தூங்கிட்டீங்க."