உடைய வேண்டிய பாலம்

பன்னிரண்டு கிலோவைத் தாண்டியும் பாலம் உடையவில்லை.

வகுப்பு கைதட்டியது. கட்டிய இருவர் மட்டும் தட்டவில்லை.

ஐஸ்குச்சியும் பசையும் வைத்துக் கட்டிய பாலம். அடியில் ஒரு வாளி தொங்குகிறது. சார் அதில் குவளை குவளையாக மணலைக் கொட்டுகிறார். எவ்வளவு எடையில் உடையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட வேண்டும். சொன்ன எடையில் உடைந்தால்தான் மார்க். அதிகம் தாங்கினாலும் தப்பு தப்புதான்.

இவர்கள் சொன்னது பன்னிரண்டு.

கணக்குப் போட்டவளுக்கு வகுப்பு வைத்த பெயர் கால்குலேட்டர். குச்சிகளை ஒட்டியவளுக்கு வைத்த பெயர் அவசரம். அவள் கை லட்சணம் தெரிந்து, அதற்கும் சேர்த்துக் கழித்த பிறகுதான் கால்குலேட்டருக்குப் பன்னிரண்டு வந்தது.

மார்க் போனால் கால்குலேட்டருக்குக் குடி முழுகிவிடாது. அவசரத்தின் கதை வேறு. இந்தப் பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இன்னொரு முறை விட்டால் அடுத்த வருடம் சொந்தத் தங்கையோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அந்த வாயாடி இப்போதே, "அக்காவுக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டு வெக்கறேன்" என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

பதினைந்து.

"உடைஞ்சு தொலையேன், சனியனே!" என்று அவசரம் பல்லைக் கடித்தாள்.

தான் கட்டிய பாலத்தைப் பார்த்து இப்படி வேண்டிக்கொண்ட என்ஜினியர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

பதினெட்டு. விசில் பறந்தது. பாலம் குத்துக்கல் மாதிரி நின்றது.

கால்குலேட்டர் தோழியை முறைத்தாள். கூடுதலாகப் பசை தடவியிருப்பாள், வேறென்ன. அவசரம் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அவளால் தடவியிருக்கவும் முடியாது. கணக்கு முடிந்த கையோடு, எல்லாப் பாலங்களும் நேற்று மதியமே சாரின் அறைக்குள் போய்விட்டன.

சாருக்கு அரை மார்க் போடவே கை வராது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வராந்தாவில் அவர் தலை தெரிந்தால் சுவரில் சாய்ந்து நிற்பவன்கூட நிமிர்ந்துவிடுவான்.

இருபதில் வாளிக் கயிறு அறுந்தது. மணல் அத்தனையும் சாரின் ஷூ மேல். பாலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவசரத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சார் ஷூவை உதறவில்லை. பாலத்தைக் கையில் எடுத்துத் திருப்பி, நடு மூட்டை விரலால் தடவினார். பிறகு, பக்கத்தில் நின்ற இருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து பார்த்தப்போ இந்த மூட்டு லேசா விட்டிருந்துச்சும்மா. மனசு கேக்கல, ரெண்டு சொட்டு பசை வெச்சுட்டேன். திங்கக்கிழமை வேற ஒண்ணு கட்டிட்டு வாங்க. ஆனா என் ரூம்ல வெக்காதீங்க."