முதல் வாசகி

நூலகக் கூடத்தில் எழுத்தாளர் தம் புது நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். கதையில் ஒரு படகு மிதந்தது. கேட்டவர்களும் அந்தக் குரலில் சொக்கி, கூடவே மிதந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

நூலகர் குனிந்து கிசுகிசுத்தார். "சார், குழந்தை அழுதா கூட்டமே கெட்டுடும். வெளியே உட்காருங்களேன்."

"வெளியே போனாத்தான் அழுவா. இந்தக் குரல் கேட்டாத்தான் தூங்குவா. நாவல் முழுக்க இவளுக்குத் தெரியும்."

"பல்லே முளைக்கலை, அதுக்குள்ள வாசகியா?" நூலகர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

கடைசி வரி முடிந்து குரல் நின்றது. குழந்தை வீறிட்டது.

"சொன்னேனே!" நூலகர் கையைப் பிசைந்தார்.

எழுத்தாளர் மேடையிலிருந்து ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"எழுத எழுத வாய்விட்டுப் படிப்பேன் சார். வயித்துல இருந்தப்பவும் இப்படித்தான், நிறுத்தினா உதைப்பா."