சுருதி நிற்காத கிற்றார்

கணவதி கிற்றாரைத் திருப்பி, அதன் முதுகில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

நடுவில் ஒரு தட்டு. ஓரத்தில் ஒரு தட்டு. பிறகு காதைக் கிட்டக் கொண்டுபோய் இன்னுமொரு தட்டு.

“உது பலாப்பழமில்லைத் தம்பி. கம்பியைத் தட்டிப் பாரும்,” என்றார் கடைக்காரர் சந்தியோகு.

பெரியகடைத் தெருவில் அவருடைய வாத்தியக் கடை. ஆர்மோனியம், பிடில், அவற்றோடு மூன்றே மூன்று கிற்றார். ஒன்றுக்கு ஓரமெல்லாம் சிப்பி பதித்திருந்தது. அதைக் கணவதி திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றில் விலை குறைந்ததைத்தான் பிடித்துக்கொண்டு நின்றான். மெருகு காணாத பலகை, பெருத்த வயிறு, கழுத்தும் கொஞ்சம் கோணல்.

சந்தியோகு பொய் சொல்லி விற்கிற மனிதரல்ல.

“அதிலை சுருதி நிக்காது. சும்மா வீட்டிலை இருந்து வாசிக்கிறதுக்கெண்டாலும், கொஞ்சம் கூடப் போட்டு மற்றதை எடும்.”

“நிக்காட்டிப் பரவாயில்லை, முதலாளி. சத்தம் தூரத்துக்குக் கேக்குமோ?”

கிற்றார் வாங்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது?

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வருகிற திங்கட்கிழமை அச்சுவேலிக்கு அங்கால் அவன் தங்கை பூரணத்துக்குக் கலியாணம். கலியாணத்துக்கு மேளம் கூடாது.

கூடாதென்று சொன்னவர் பொன்னம்பல நயினார். அவருடைய காணியில் குடியிருக்கிற சனத்துக்கு மேளம் ஒரு கேடா என்பது அவருடைய எண்ணம். படலைக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு காலும் வைக்காமல், விரல் மடக்கிச் சொல்லிவிட்டுப் போனார். மேளம் கூடாது. நாதசுரம் கூடாது. பறை, உடுக்கு, சங்கு, சேமக்கலம் ஒன்றும் கூடாது. மகராசனுக்குத் தெரிந்த வாத்தியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வெறும் வெருட்டென்று தள்ளிவிடவும் முடியாது. போன வருடம் ஒரு வீட்டார் துணிந்து மேளம் கூப்பிட்டார்கள். நயினாரின் ஆட்கள் சந்தியிலேயே மறித்துத் தவிலின் தோலைக் கிழித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த மேளக்காரரும் அந்த ஒழுங்கைக்குள் வரத் தயாரில்லை.

தாலி ஏறுகிற நேரம் கெட்டிமேளம் எதற்கு? ஒரு தும்மல், ஓர் அழுகை, கூடாத ஒரு சொல் பெண்ணின் காதில் விழக்கூடாது என்பதற்குத்தானே. கணவதியின் தாய்க்குத் தாலி ஏறியபோது நயினார் வீட்டு நாய் குரைத்ததுதான் கேட்டதாம். புருஷன் இளவயதில் போனதற்கும் அந்தக் குரைப்புத்தான் காரணமென்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்டு வளர்ந்தவள் பூரணம். மேளமில்லாமல் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன், நாய் குரைத்தால் எழும்பிப் போய்விடுவேன் என்று ஒரே பிடியாய் நிற்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

கிற்றார் கூடாதென்று மட்டும் நயினார் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அப்படியொரு சாமானை அவர் கண்டால்தானே. பறங்கித் தெருக் கலியாணமொன்றில் கணவதி கண்டிருந்தான். அதுதான் ஊர் எல்லை தாண்டியதும் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டணம் வந்திருக்கிறான். நயினாரின் ஊருக்குள் அவனுக்குச் சட்டையும் கூடாது. திரும்பிப் போகும்போது அதைக் கழற்றுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டான்.

இதற்கும் வந்து அடித்தால்? அடிக்கட்டும். அதற்கு முதல் தாலி ஏறிவிடும்.

சந்தியோகு கம்பிகளை முறுக்கி இனிமையாக ஒரு மெட்டு வாசித்துக் காட்டினார். கணவதி தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று கேட்டான். ஒரு மாட்டுவண்டி போனது. அதன் கடகடப்பில் மெட்டும் போய்விட்டது.

திரும்பி வந்து கையை நீட்டினான்.

“இஞ்சை தாருங்கோ. இப்ப நீங்கள் அங்காலை போய் நில்லுங்கோ, முதலாளி.”

வாங்க வந்தவன் முதலாளியைத் தெருவுக்கு அனுப்புவதாவது! ஆனாலும் சந்தியோகு போனார். என்னதான் செய்யப் போகிறான் என்று பார்க்கிற ஆசைதான்.

கணவதி விறாந்தைப் படியில் குந்தினான். கிற்றாரை மடியில் கவிழ்த்து வைத்தான். இரண்டு கையாலும் அடித்தான்.

மண்ணெண்ணெய்த் தகரத்திலும் பழைய பெட்டகத்திலும் சின்ன வயதிலிருந்து ஒளித்து ஒளித்துப் பழகிய கைகள் அவை. இன்றைக்கு ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. தாலியைக் கையில் எடுத்த உடனே விழுமே, அந்த அடி. நிறுத்தாமல், விடாமல், அதே அடி. வண்டி மாடு மிரண்டு விலகியது. புடைவைக் கடைக்காரர் முழக்கோலும் கையுமாக வெளியே வந்தார். ஆருக்குத் தாலி ஏறுகிறதென்று தெருவே திரும்பிப் பார்த்தது.

சந்தியோகு மெல்லத் தெருவைக் கடந்து வந்தார். கணவதியின் ஊரும் பேரும் கேட்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. எந்தச் சனத்துக்கு மேளம் கூடாது என்று இந்தக் குடாநாட்டில் ஆருக்குத்தான் தெரியாது?

“அப்ப உமக்கேன் இந்தக் கம்பியள்? கழட்டிப்போட்டுத் தாறன். சத்தம் இன்னும் திறமாய் வரும், விலையிலையும் குறைக்கலாம்,” என்றார்.

கணவதி கிற்றாரை நிமிர்த்திக் கம்பிகளின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

“கம்பி இருக்கட்டும், முதலாளி. கழட்டினால் நயினார் இதை மேளமெண்டு சொல்லிப்போடுவார்.”