கடைசிக் கட்டத்தின் தலைப்பு

ஆலைத் தொழிலாளரின் ஆண்டுவாரி மூச்சளவு, பிரிவுக்கொரு வரைபடக் கட்டமாக ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நிற்கிறது. இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு தலைப்பின் மீதும் மேல் கட்டத்தின் ஆண்டு எண்கள் ஏறிக் கிடக்கின்றன. கணினியில் அதை வரைந்துகொண்டிருக்கும் அவள் படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கிறாள். கட்டம் சுருங்குகிறது, எழுத்து சுருங்குவதில்லை, நெரிசல்தான் கூடுகிறது. “எங்க பிரிவு எதும்மா?” பின்னால் நிற்கும் ஆலைத் தொழிலாளி அண்ணன் இருமியபடி கேட்கிறார். “கடைசிக் கட்டம்ணே. பேருதான் தெரியல.” “மூச்சுதான் போச்சு, பேரையாவது காப்பாத்து.” அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டத்தின் உயரத்தில் எத்தனை பங்கு என்றுதான் வரைபடம் போடும் கணினி நிரல், கட்டங்களுக்கு நடுவே விடும் இடைவெளியைக் கணக்கிடுகிறது. அவள் நிரலில் அந்தப் பங்காக இருந்த புள்ளி இரண்டை அழித்துப் புள்ளி ஆறு என்று எழுதி ஓட்டுகிறாள். எண்கள் விலகுகின்றன, ‘பஞ்சுப் பிரிவு’ என்ற தலைப்பும், அதன் கீழே சரிந்துகொண்டே போகும் கோடும் தெளிவாகத் தெரிகின்றன.