தழும்பு இருந்த கை

மனித உரிமை வழக்கறிஞராக இருபது வருஷம் அலைந்த பொற்கொடி நீதிபதியானபோது, பாரபட்சம் வரக்கூடாதென்று அவள் வாதாடிய பழைய கட்சிக்காரர்களைப் பற்றிய நினைவுகளையெல்லாம் விதிப்படி அவள் மூளையிலிருந்து அகற்றிவிட்டார்கள். வலது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு மிச்சம். எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.

இன்று குடிசைகளை இடிப்பதற்கு எதிரான வழக்கு. மனு போட்ட அஞ்சலை முன்னால் வந்து நின்று நீதிபதியின் கையையே பார்த்தாள்.

“என் மேல விழ வேண்டிய லத்தியடிம்மா அது. இன்னும் வலிக்குதா?”

பொற்கொடி தழும்பைத் தடவினாள். மரத்துப்போயிருந்தது.

“மனுதாரருக்கு நீதிபதியைத் தெரிந்திருக்கிறது,” என்று உத்தரவைச் சொல்லத் தொடங்கினாள். “அந்த நினைவை அகற்றிய பிறகே விசாரணை.”

அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வீடு போனா போகட்டும்மா. இத மட்டும் எடுத்துடாதீங்க.”